ஒரே ஒரு திருகு வைத்த பெட்டி

எங்கள் ஊரின் சத்தம் முழுவதும், விடியலில் கூவுகிற சேவலில் தொடங்கிச் செல்லக்கிளி அத்தையின் வசவு வரைக்கும், எங்கள் அப்பாவின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்து அகப்பட்டுக்கொண்ட அந்தப் பங்குனி மாசத்தில், ஊர்க்காரர்கள் யாரும் ஆச்சரியப்பட்டதாக எனக்கு நினைவில்லை; எல்லோரும் கோபப்பட்டார்கள். ஆச்சரியப்படுவதற்கு நெட்டூரணிப்பட்டியில் யாருக்கும் எப்போதும் நேரம் இருந்ததில்லை, கோபப்படுவதற்கு மட்டும் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள், அதனால் அந்த மாசம் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சில செருப்புகள் கழற்றி விடப்பட்டவை, சில எறியப்பட்டவை.

அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். காளீஸ்வரி, கட்டிக்கொடுத்தது அருப்புக்கோட்டையில், இடுப்பில் ஒரு பிள்ளை, ஊர்ச் சாமிக்கு வைக்கிற பங்குனிப் பொங்கலுக்காக அந்த மாசம் அப்பா வீட்டில் வந்து தங்கியிருந்தேன். எங்கள் அப்பா குருவையா, ஆயுசில் பாதியைத் தறி ஷெட்டின் இரைச்சலுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர். அம்மா பூரணம், அந்த ஆயுசு முழுக்க அவரோடு சண்டை போட்டவள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு டிவிதான் கதி, டிவியை வைத்தால் சத்தம் உச்சியில்தான் இருக்கும், செய்தி வாசிக்கிற பொம்பளை எங்கள் வீட்டுக்குள் இருந்து வாசித்தால் கண்மாய்க்கரையில் மாடு மேய்க்கிறவனுக்கு நாட்டு நடப்பு தெரிந்துவிடும். அம்மாவுக்கோ ஒற்றைத் தலைவலி. நெற்றியில் துணியை வரிந்து கட்டிக்கொண்டு அவள் அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"ஏ மனுசா, அந்தச் சனியன் வாய அமுக்கு! மண்ட தெறிக்குது எனக்கு."

அப்பா டிவியைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அம்மா கரண்டியோடு வந்து அவருக்கும் டிவிக்கும் நடுவில் நிற்பாள்.

"செவிட்டுப் பொணமே, ஒன்னத்தேன்!"

"எல்லாம் நல்லாத்தேன் கேக்குது. கத்தாத."

"கேக்குதுன்னா எதுக்கு இம்புட்டுச் சத்தம்? ஊரு ஒறங்க வேணாமா? ஒன்னயக் கட்டின பாவத்துக்கு நான் காதறுந்து சாகணுமா?"

இந்த இடத்தில் அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அம்மாவுக்கு உடம்பெல்லாம் எரியும். "பாருடி திமிர! நான் பேசுறேன், கண்ண மூடுறாரு! எம்மூஞ்சி அம்புட்டு அசிங்கமா இருக்காம்!" என்று கரண்டியைத் தரையில் எறிவாள், நெளியாத கரண்டி எங்கள் வீட்டில் கிடையாது.

கடைசியில் அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் அவள் திருப்பூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறாள்; அப்பாவை நான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அண்ணன் மாரிக்கண்ணன் போனில் சந்தோஷமாகவே சொன்னான்: "அம்மாவ நான் வச்சுக்கிறேன் காளீசு, அப்பாவ நீ வச்சுக்க." குடம் உனக்கு, அண்டா எனக்கு என்று பிரிக்கிற மாதிரி. அப்பாவை வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, ஒரு உலையில் இன்னும் ஒரு கை அரிசி, அவ்வளவுதான். ஆனால் ஒருத்தருக்கொருத்தர் சண்டை போட ஆள் இல்லாமல் போனால் இந்த ரெண்டு பேரும் அடுத்த பங்குனியைப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் நான் யோசித்தேன். சண்டை சத்தத்தால்தானே வருகிறது, சத்தத்தைச் சரிபண்ணினால் சரியாகிவிடும். டிவிக்கு ஸ்பீக்கர் முதுகுப்பக்கம் இருக்கிறது, அது சுவருக்குத்தான் செய்தி வாசிக்கிறது. நல்ல பெட்டியாக ஒன்று வாங்கி அப்பாவின் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டால் கொஞ்சச் சத்தத்திலேயே அவருக்குக் கேட்கும், அம்மா தலையும் தப்பிக்கும்.

கடைக்காரப் பையன் என்னைப் பார்த்ததுமே விலை கூடியதாக ஒன்றை எடுத்துப் போட்டான். "இதுல ப்ளூடூத் இருக்குக்கா, ஆப் இருக்கு, போன்லயே எல்லாம் பண்ணலாம். அஞ்சு ஸ்பீக்கர், மூலைக்கு ஒண்ணா வச்சுக்கலாம்."

"தம்பி, எங்கப்பாவுக்குப் போன்ல பச்சையத் தொடு, செவப்பத் தொடாதன்னு சொல்லிக் குடுக்கவே ஒரு தீவாளி ஆச்சு."

"அப்ப ரிமோட்டு வச்சது எடுங்க."

"ரிமோட்டு எங்க வீட்ல அரிசிப் பானைக்குள்ள கெடக்கும். எங்கம்மா கோவத்துல எங்கிட்டுப் போடுவாகன்னு எங்கம்மாவுக்கே தெரியாது."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க, ஒரு மணிய வாங்கி அவரு கழுத்துல கட்டி விடுங்க."

"ஒங்கப்பாவுக்குக் கட்டுன மணி மிச்சம் இருந்தாக் குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றேன். பிறகுதான் அவன் மரியாதையாகப் பேசினான்.

வயசானவர்களுக்குச் சாமான் வாங்கும்போது அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாது, என்னென்ன இல்லை என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தது அதைத்தான். விளக்குகள் மின்னக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, இங்கிலீஷில் பேசக்கூடாது, டிவியைப் போட்டால் தானாக முழிக்கணும், அணைத்தால் தானாகத் தூங்கணும். கீழ்த்தட்டில் தூசி படிந்து ஒன்று கிடந்தது: மரப்பெட்டி, டிவிக்குப் போக ஒரே வயர், முகத்தில் உருண்டையாக ஒரே ஒரு குமிழ், எங்கள் ஊரில் அதைத் திருகு என்போம். வலது பக்கம் திருகினால் கூடும், இடது பக்கம் திருகினால் குறையும். இதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும்? என் மகள் தன்ஷிகா வாரண்டி அட்டையை மென்று தின்றுகொண்டிருக்கும்போதே வாங்கி முடித்தேன். வீட்டில் வைத்து, அம்மாவுக்கும் பொறுக்கும், அப்பாவுக்கும் போதும் என்று நானே முடிவுபண்ணின ஒரு இடத்தில், சிவப்பு நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டேன். "இந்தக் கோட்டத் தாண்டக்கூடாது, ரெண்டு பேருக்கும் சேத்துத்தேன் சொல்றேன்."

அப்பா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இதுக்கு வாயே இல்லையே. இதப் பாத்து நான் என்னத்தச் செய்ய?"

கிண்டல் பண்ணுகிறார் என்று நான் சிரித்தேன். அப்புறம் அவர், எர்த் எங்கே என்று கேட்டார்.

"அப்பா, இது அந்தக்காலத்து வால்வு ரேடியோ இல்ல. எர்த்தெல்லாம் வேணாம்."

"எர்த் குடுக்காம எந்தப் பெட்டி பாடியிருக்கு? நீ நேத்துப் பெறந்தவ. பஞ்சாயத்து ரேடியோவுக்குக் குழி தோண்டிக் கம்பி எறக்குனவன் நான், எனக்குச் சொல்ல வாராத."

நான் பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டு வருவதற்குள் பழைய மோட்டார் ஒன்றிலிருந்து செம்புக் கம்பியை உருவி, ஒரு முனையைப் பெட்டியின் முதுகில் இருந்த ஆணியிலும் மறு முனையைத் தெருக்குழாய்க் கழுத்திலும் இறுக்கிச் சுற்றிவிட்டார். தெருக்குழாய் தண்ணித் தொட்டிக்குப் போகிறது, தண்ணித் தொட்டி ஊரில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் போகிறது. அதனால்தான் அப்படி ஆனது என்று பிறகு சிலர் சொன்னார்கள். இல்லை, பங்குனி வெக்கை என்று வேறு சிலர் சொன்னார்கள். எங்களுக்கு அதைப் பேச நேரமில்லை.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து திருகை வலது பக்கம் திருகினார். டிவிப் பொம்பளையின் குரலோடு சேர்ந்து ஊர்ச் சத்தமும் ஏறியது. அடுத்த வீட்டு வாசலில் சட்டி கழுவிக்கொண்டே கோழியை வைதுகொண்டிருந்த செல்லக்கிளி அத்தையின் குரல் எழும்பி, எழும்பி, எங்கள் வீட்டு ஓடுகளைப் பிடித்து ஆட்டியது, கோழி பயந்து கூரைக்குப் போனது, கோழியின் கொக்கரிப்பு மேலத்தெருவில் கேட்டது. அப்பா இடது பக்கம் திருகினார். அத்தையின் வாய் விரிய விரியத் திறந்திருக்க, கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. தூரத்தில் கத்திய ஆடு, அம்மாவின் அம்மி, என் இடுப்பில் அழுத பிள்ளை, எல்லாம் சுருங்கிப் போயின. வண்டி பழகுகிறவள் ப்ரேக்கை மிதித்துப் பார்ப்பதுபோல நானும் வலதும் இடதுமாக நாலைந்து தடவை திருகிப் பார்த்தேன். வேலை செய்தது. இதைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் என்ன காரணம் சொல்வது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

செல்லக்கிளி அத்தை சட்டியோடு வந்தாள். "ஏ மதினி, எவ வீட்ல இருந்து எவ தொண்டையத் திருகுறது?"

அம்மா விஷயத்தைச் சொன்னாள். அத்தை பெட்டியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், தெருக்குழாயைப் பார்த்தாள்.

"சரி. எங்க வீட்டு ஆளு மத்தியானம் கொறட்ட விடுறப்ப எடது பக்கம் திருகிக்க. மத்த நேரத்துல எஞ்சத்தத்துல கைய வச்ச, கைய ஒடிச்சு அடுப்புல வச்சுருவேன்."

"ஒஞ்சத்தத்த வெல குடுத்தா வாங்குனோம்? போடி!"

இப்படித்தான் எங்கள் ஊர் அந்த அதிசயத்தை ஏற்றுக்கொண்டது.

அன்றிலிருந்து அப்பா வலது பக்கம் திருகுவார், அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து இடது பக்கம் திருகுவாள், நான் போட்ட சிவப்புக் கோட்டை இருவரும் மாறி மாறித் தாண்டிப் போனார்கள், எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்காத பஸ்ஸைப்போல. வலது பக்கம் இருக்கும்போது ஊரில் ஒளிவு மறைவு என்று ஒன்று இல்லாமல் போனது. மாமியாரும் மருமகளும் வாய்க்குள் முணுமுணுத்தது ஊர் மந்தைத் திடலில் கேட்டது, பூனை பால் நக்குவது கேட்டு நாய்கள் கிளம்பின, நோன்பிருக்கிறேன் என்று சொன்னவள் முறுக்கு கடிப்பது நாலு தெருவுக்குக் கேட்டது. கோவில் கமிட்டித் தலைவர் வனராஜ் அண்ணன், மீசையை முறுக்காமல் யாரிடமும் பேசியறியாதவர், தன் வீட்டுக்குள் பெண்டாட்டியிடம், "இன்னொரு தோசை ஊத்துவியா தாயி, முறுகலா?" என்று குழைந்து கேட்டது ஊர் முழுக்க ஒலித்தது. அடுத்த நாள் அவர் தெருவில் நடந்தபோது சுவருக்குப் பின்னாலிருந்து, "முறுகலா தாயி?" என்று குரல்கள் வந்தன. அவர் எங்கள் வீட்டைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனார்.

இடது பக்கம் இருக்கும்போது வேறு மாதிரி. ஊர் எல்லைக்குள் நுழைகிற பஸ்ஸுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், கண்டக்டர் விசில் ஊதுவார், வெறும் காற்றுதான் வரும், டிரைவர் நிற்காமல் போய்விடுவார். கூடையோடு அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் நடந்துவந்த பெண்கள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் வம்சத்தை இழுத்து வைவார்கள், அந்த வசவும் எறும்பு ஊர்கிற சத்தத்தில் கேட்கும், அதற்கு வேறு கோபம் வந்து மறுபடி முதலிலிருந்து வைவார்கள். மீன்காரர் ஹாரனை அமுக்கி அமுக்கிக் கை வலித்துத் திரும்பிப் போனார். தலைமுறையாகப் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள், வைதால் கேட்க வேண்டுமே என்று நெருங்கிவந்து காதோடு வாய் வைத்து வைதுகொண்டார்கள். ஒருத்தன் அப்படியே காதைக் கடித்தும் வைத்தான். வலது பக்கம் திருகும்போது காதில் அடைக்க வாங்கி வாங்கியே கடையில் பஞ்சு தீர்ந்துபோனது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பெற்றவர்கள் இடது பக்கம் வேண்டும் என்றார்கள், கறவை மாட்டைக் கூப்பிட வேண்டியவர்கள் வலது பக்கம் வேண்டும் என்றார்கள், ரெண்டு கட்சியும் ஆள்மாற்றி ஆள் எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள், போகும்போது சாணியைக் கரைத்துக் கதவில் அடித்துவிட்டுப் போனார்கள். கம்பியை அறுத்தெறியலாம் என்று கத்தியோடு வந்தவனை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அறுத்தாலோ பெட்டியை அணைத்தாலோ அப்போது இருக்கிற சத்தத்திலேயே ஊர் காலத்துக்கும் நின்றுபோகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். யார் கிளப்பியது என்று தெரியாது, எல்லோரும் நம்பினார்கள்.

அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார். கட்டிலை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வலது பக்கம் திருகுவார், தெருவில் போகிறவர்கள் காதைப் பொத்துவதைப் பார்ப்பார், முகம் மலரும். இடது பக்கம் திருகுவார், அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கத்துவதைப் பார்ப்பார், இன்னும் மலரும். நான் அவருக்குப் பின்னால் நின்று கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன்: "எதுக்குப்பா இப்பிடி ஊர்ப்பகைய வாங்குறீக?" பதில் இல்லை. முன்னால் வந்து கேட்டேன்.

"யாருக்கெல்லாம் கேக்குதுன்னு பாத்தேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் பை கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது, சேலைகளை மடித்து அடுக்கி, அவளுடைய வெற்றிலை இடிக்கிற உரலைக்கூட உள்ளே வைத்துவிட்டாள். அண்ணன் பொங்கலுக்கு மறுநாள் காரோடு வருகிறானாம். சண்டையை நிறுத்த ஒரு பெட்டி வாங்கப் போய் ஊருக்கே சண்டையை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன், வீட்டுச் சண்டையும் அப்படியே இருந்தது.

சாமிக்குக் காப்புக் கட்டுகிற அன்றைக்குக் காலையிலேயே வனராஜ் அண்ணன் கூட்டத்தோடு வந்தார். கொட்டுக்காரர்கள் தோளில் கொட்டோடு பின்னால் நின்றார்கள். எங்கள் வாசல், தெரு, தெருக்குழாய் மேடை எல்லாம் தலை.

"சித்தப்பா, அந்தத் திருகக் குடுங்க. திருவிழா முடியிற மட்டும் அது கமிட்டி கையில இருக்கட்டும். கொட்டுச் சத்தம் பக்கத்து ஊருக்காரன் செவுளப் பேக்கணும்."

"சத்தத்தக் கூட்டுன, எம்மகன் பரீட்ச போச்சு! நீயா வந்து எழுதுவ?" என்று கூட்டத்தில் ஒருத்தி.

"ஒம்மகன் இருக்கிற லட்சணத்துக்கு ஊரே ஊமையாப் போனாலும் பாஸாக மாட்டான்" என்றாள் செல்லக்கிளி அத்தை.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்படியில் நின்றாள். வீட்டுக்குள் அவள் அப்பாவைக் கடித்துக் குதறுவாள். வெளியாள் ஒருத்தன் வாசலில் வந்து நின்றால் அது வேறு கணக்கு. "எங்க வீட்டுப் பெட்டி, எங்க வீட்டுத் திருகு. ஒனக்குச் சத்தம் வேணும்னா ஒம்பொண்டாட்டிய இன்னொரு தோச கேளுடா வனராசு, ஊருக்கே கேக்கும்."

கூட்டம் சிரித்தது. வனராஜ் அண்ணனுக்கு மீசை துடித்தது. அவர் அம்மாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து திருகைப் பிடித்தார், அம்மா அவர் கையைப் பிடித்தாள், செல்லக்கிளி அத்தை அம்மாவின் இடுப்பைப் பிடித்தாள், எந்தக் கட்சிக்காக என்று அவளுக்கே தெரிந்திருக்காது. திருகு ஒரே சுற்றாக இடது பக்கம் கடைசி வரைக்கும் போய், பெட்டியை விட்டுப் பிடுங்கிக்கொண்டு தெறித்தது.

அதோடு எல்லாம் நின்றது.

குறைந்துபோகவில்லை, நின்றேபோனது. நூறு வாய்கள் திறந்து மூடின, ஒரு சத்தம் இல்லை. கொட்டுக்காரர் குச்சியால் ஓங்கி ஓங்கி அடித்தார், தோல் அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு இல்லை. வனராஜ் அண்ணன் தன் தொண்டையைத் தானே பிடித்துப் பார்த்தார். செல்லக்கிளி அத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயந்து, தன் காதுக்குப் பக்கத்தில் கையைத் தட்டித் தட்டிப் பார்த்து, நெஞ்சில் அடித்துக்கொண்டாள். என் பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது, அதன் அழுகையை என் தோளில் ஈரமாகத்தான் தெரிந்துகொண்டேன். யாருக்கும் யார் சொல்வதும் விளங்கவில்லை, ஊரே ஒருத்தரையொருத்தர் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. முன்பு எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்கு ஊர் ஊமையானால் என்ன, உலகம் ஊமையானால் என்ன, கோபம் வந்தால் அப்பாவிடம்தான் திரும்ப வேண்டும். திரும்பினாள், கையை நீட்டி நீட்டி அவரை வைதாள். சத்தம் வரவில்லை என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். வாயைத் திறந்து என்னவோ பதில் சொன்னார், அதற்கு அம்மா எகிறினாள், அவர் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார், அம்மா குனிந்து திருகை எடுத்தாள். நிமிர்ந்து மறுபடி என்னவோ கேட்டாள். அப்பா சட்டைப்பையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து, காலையில் போட்டுவிட்டேன் என்பதுபோலக் காலியான குழியைக் காட்டினார்.

அம்மாவின் வாய் அப்படியே நின்றது.

நானும் பார்த்தேன். ஊரில் ஒருத்தருக்கும் ஒருத்தர் பேச்சு விளங்காத நேரத்தில், எங்கள் அப்பாவுக்கு மட்டும் எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது, என்றைக்கும் விளங்குகிற அளவுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். தாடை அசைவதைத் துணிக்கு மேலே பார்த்தேன். அப்பா முகத்தில் ஒன்றுமில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முதுகைக் காட்டி நின்று பேசினாள். ஒன்றுமில்லை. திரும்பி, துணியை எடுத்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வனராஜ் அண்ணன் வந்து அம்மாவின் கையிலிருந்த திருகைக் காட்டிக் கும்பிட்டார். கூட்டமே கும்பிட்டது. அம்மா அவர்களைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள், பொறு என்று. திருகைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகினாள். முக்காலியை இழுத்து அப்பாவுக்கு நேர் எதிரே, முட்டிக்கு முட்டி இடிக்கப் போட்டு உட்கார்ந்தாள், அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள், பேசத் தொடங்கினாள். திருவிழாக் கூட்டம் முழுவதும், கொட்டு, மாலை, பால்குடத்தோடு, வெயில் தலைக்கு ஏறி இறங்குகிற வரைக்கும் வாசலில் ஊமையாக நின்று, ஒரு கிழவனும் கிழவியும் சத்தமில்லாமல் சண்டை போட்டு முடிக்கக் காத்திருந்தது. நடுவில் ஒரு தடவை அம்மா அழுதாள். ஒரு தடவை அப்பா அழுதார். ஒரு தடவை அவள் அவர் தொடையில் கிள்ளினாள்.

என்ன பேசினார்கள் என்று பொங்கல் வைக்கும்போது அடுப்புப் புகைக்குள் உட்கார்ந்து அம்மா எனக்குச் சொன்னாள். எப்போதிருந்து என்று கேட்டாளாம். தறி ஷெட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டதாம். அங்கே இரைச்சலில் எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள், அதனால் போனதே அவருக்குத் தெரியவில்லையாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்ததாம். மேலத்தெரு ராமையாவுக்குக் காது போனபோது, பெற்ற பிள்ளைகளே அவரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, தூணுக்குப் பக்கத்தில் பேசுவதுபோல, அவர் சாவுக்கு யார் செலவு என்று பேசினார்களாம். அதைப் பார்த்த அன்றைக்கு அப்பா டிவியை உச்சத்தில் வைத்தாராம். அந்தச் சத்தத்தில் யாரும் பக்கத்தில் வந்து பேசவும் மாட்டார்கள், கண்டுபிடிக்கவும் மாட்டார்கள்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னய்யான்னு கேட்டேன்டி" என்றாள் அம்மா. "நீ மொதமொதலா என்னயச் செவிட்டுப் பொணமேன்னு வஞ்சியே, அது எனக்குக் கேக்கல, ஒன் வாயப் பாத்துத்தேன் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்றாரு. அதுக்குப் பெறகு எப்பிடிச் சொல்லன்னு கேக்குறாரு."

புகை என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வாசலில் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அவள் எழுந்து திருகைப் பொருத்தினாள், சிவப்புக் கோடு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினாள். ஊருக்குச் சத்தம் திரும்பியது. முதலில் கேட்டது கொட்டோ குலவையோ இல்லை, அவளுடைய வசவின் கடைசிப் பாதி: "...கட்டுனவகிட்டக்கூடச் சொல்லாம கல்லுக்குண்டு மாதிரி உக்காந்திருந்த மனுசன் நீ எல்லாம் ஒரு மனுசனா!" அதற்குப் பிறகு யார் திருகினாலும் பெட்டி கேட்கவில்லை. வனராஜ் அண்ணனே கம்பியைத் தெருக்குழாயிலிருந்து அவிழ்த்துச் சுருட்டி எங்கள் வீட்டுக்குள் எறிந்துவிட்டுப் போனார், ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஊர் இன்றைக்கும் நான் போட்ட கோட்டில்தான் இருக்கிறது. கொஞ்சம் கம்மியாக வைத்துவிட்டாய் என்று கொட்டுக்காரர்களும், கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று பரீட்சை எழுதினவனின் அம்மாவும் என்னை இன்னும் வைகிறார்கள். காது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று நாள் கேட்டிருக்கிறேன், அப்பா வரமாட்டேன் என்கிறார். பெட்டியின்மேல் அம்மா தண்ணிச் செம்பு வைத்திருக்கிறாள், டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது.

பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் காரோடு வந்தான். பையை எடுத்துக் காரில் வைத்துவிட்டு, "ஏறும்மா, வெயிலுக்கு முன்ன கெளம்பணும்" என்றான். அம்மா முக்காலியில், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இருடா. இந்த மனுசனுக்கு இன்னும் நெறையப் பாக்கி இருக்கு. எங்கலியாணத்தப்ப சொன்னதே இவரு காதுல விழுந்துச்சோ என்னமோ, எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லணும். அந்தப் பைய எறக்கி வையி."

"எம்புட்டு நேரம்மா ஆகும்?"

"எனக்கெப்பிடிடா தெரியும்?"

அவள் அப்பா பக்கம் திரும்பி, மாமியார் கொடுமையிலிருந்து தொடங்கினாள். அப்பா கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், வழக்கம்போல, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"பாருடி காளீசு, அணைச்சுட்டாரு" என்றாள் அம்மா.

அப்படிச் சொல்லிவிட்டு, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அப்பாவின் காதைப் பிடித்து வலது பக்கம் ஒரு திருகு திருகினாள். அப்பா கண்ணைத் திறந்தார். அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.